மூன்று ஏக்கர் தளிர்

கல்லங்காடு,
ஆவணி 9, வியாழக்கிழமை.

ரெங்கராசு அண்ணனுக்கு அழகுதுரை எழுதிக்கொள்வது.

நலம். உங்கள் கொல்லையில் அடித்திருக்கும் ஈரம் காட்டும் மண்முளையில் நேற்றுப் பார்த்தேன், ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் இறங்கியிருக்கிறது. இன்னும் ஒரு மழை பெய்தால் நீங்கள் பருத்தி ஊன்றிவிடுவீர்கள். அதற்குள் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

ஒரே ஊர், நாலு தெரு தள்ளி வீடு, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால், நமக்கு வெள்ளாமை யோசனை சொல்லும் அதே பருவக்குரல் கேட்டுக்கொண்டிருக்கும். நேரில் வந்தால் அண்ணி டீ போட்டுக் கொடுத்துவிடுகிறார். அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன வெள்ளிக்கிழமை வந்து உங்கள் மாட்டின் காலைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனேன் அல்லவா, நான் மாட்டைப் பார்க்க வரவில்லை.

முதலில், களப்பதிவாளன் என்ற முறையில் ஆண்டுதோறும் உங்களுக்குச் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன். மானாவாரிக்கு ஆவணி கடைசிக்குள் ஊன்றிவிடுவது நல்லது. புரட்டாசி பாதியைத் தாண்டினால் காய் பிடிக்கிற நேரத்தில் நிலத்தில் ஈரம் இருக்காது. பிந்திப் பூக்கிற பூவில்தான் புழுவும் அதிகம் விழும். குழிக்கு ஒரு விதை போதும், மற்றவர்களைப் போல் பயந்துகொண்டு இரண்டு போட வேண்டாம். எடுப்பு முடிந்ததும் காய்ந்த பருத்திமாரைப் பிடுங்கிவிடுங்கள். ஊரில் பலர் வைகாசி வரை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புழு அதற்குள்தான் தூங்கிக் கிடக்கும்.

இனி, ரகம். உங்கள் மூன்று ஏக்கருக்கும் இந்த ஆண்டு தளிர்-3 ஊன்றும்படி பருவக்குரல் சொல்லியிருக்கும். “உங்க மண்ணு ஆழம் கம்மிங்க, இதுதான் உங்களுக்குக் கைகுடுக்கும்” என்று நம் ஊர்ப் பேச்சிலேயே சொல்லியிருக்கும். இதே வார்த்தையை ஏரிக்கு அந்தப் பக்கம் மேலக்கரம்பையில் ஒரு வீட்டில் இரண்டு ஆண்டு கேட்டேன். அந்த வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தில் மேலே போக முடியாது.

அவர் பெயர் இளவரசி. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பெயர் தெரிந்திருக்காது. வீட்டுக்காரர் இறந்தபோது மூன்று ஏக்கர் இருந்தது. ஆனால் அது பாகம் பிரிக்காத நிலம். வீட்டுக்காரரின் அண்ணன் கொளஞ்சிநாதன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பத்துப் பேர் முன்னால் சொன்னார்:

“பொம்பள தனியா என்னா வெள்ளாம பண்ணிடும்? சரி, நான் கெட்டவன்னு பேர் வேணாம். மூணு வருசம் பருத்தி போடட்டும். மூணுல ரெண்டு தேறுனா நிலம் அதுக்கே. தேறலைன்னா நான் பாத்துக்குறேன், அது வேற வேலையப் பாக்கட்டும்.”

சட்டப்படி இப்படிப் பேச அவருக்கு உரிமை இல்லை. ஆனால் அங்கிருந்த பத்துப் பேரும் தலையாட்டினார்கள். இளவரசியும் சரி என்றார். எனக்கு அது பிறகுதான் தெரிய வந்தது. “சரின்னு சொல்லாட்டி அன்னைக்கே புடுங்கிருப்பாருண்ணே. மூணு வருசமாவது கெடைக்குதேன்னு சொல்லிட்டேன்” என்றார்.

பன்னிரண்டு ஆண்டுக்கு முன்னால் நடந்ததை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு மாவட்டம் முழுக்க ஒரு காயை விடவில்லை. பிறகு புதிய விதையாக அரண்-9 வந்தது. இலையிலும் காயிலும் நஞ்சு இருக்கும், தின்ற புழு செத்துப்போகும். கூடவே பருவக்குரலும் வந்தது. மண்முளை சொல்லும் ஈரத்தையும் அந்துப்பெட்டி எண்ணும் பூச்சியையும் சேர்த்துப் பார்த்து, இன்னாருக்கு இந்த ரகம், இந்த நாளில் ஊன்று, இன்றைக்கு மருந்தடி, நாளைக்கு அடிக்காதே என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் பேசும். ஊரில் அதற்குப் பருவக்காரி என்று பெயர் வைத்தார்கள். கொளஞ்சிநாதன் மட்டும் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. “கட்டுனவ பேச்சையே நான் கேட்டதில்ல, பருவக்காரி பேச்சையா கேக்கப்போறேன்” என்பார். ஊரே அரண் ஊன்றினால் அவரும் ஊன்றுவார், அவ்வளவுதான்.

பத்து நாளுக்கு ஒருமுறை வயலுக்கு வயல் போய், குரல் சொன்னதைச் செய்தார்களா என்று குறிப்பதுதான் என் வேலை. மூன்று கட்டங்கள் இருக்கும்: சொன்னபடி செய்தார், பாதி செய்தார், செய்யவில்லை. ஏரியின் இரண்டு பக்கமும் சேர்ந்த நம் பருத்தி வட்டத்தில் இருபது குடும்பம், அறுபது ஏக்கர் பருத்தி. முதல் ஆண்டு இளவரசிக்கு அரண்தான் வந்தது. களை எடு என்றால் மறுநாள் காலையில் எடுத்திருப்பார். நுனி கிள்ளு என்றால் எத்தனையாம் நாள், எத்தனை கணு விட்டு என்று என்னிடம் இரண்டு முறை கேட்டுவிட்டுக் கிள்ளுவார். பன்னிரண்டு முறை போனேன், பன்னிரண்டு முறையும் முதல் கட்டத்தில்தான் குறித்தேன். குறிப்பு எழுத ஓர் இடம் இருக்கும், யாரும் எழுதுவதில்லை. நான் எழுதினேன்: “இந்த வட்டத்தில் இவரைப் போல் சொன்னதைச் செய்பவர் வேறு எவரும் இல்லை.” எழுதிவிட்டு அவரிடமே பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“பள்ளிக்கூடத்துல கூட என்னைய யாரும் இப்புடிச் சொன்னதில்லண்ணே.”

அந்த ஆண்டு தை மாதம் அவர் கொல்லை வெள்ளை வெளேர் என்று வெடித்து நின்றது. கொளஞ்சிநாதன் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார். மூன்றில் ஒன்று தேறிவிட்டது. இன்னும் ஒன்று போதும்.

இரண்டாம் ஆண்டு அவருக்குத் தளிர்-3 என்று வந்தது. மண் ஆழம் குறைவு என்று காரணமும் வந்தது. அப்படியே ஊன்றினார். கார்த்திகை தொடக்கத்தில் நான் போனபோது ஒரு பூவைப் பறித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இதழ்கள் விரியாமல் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ரோசா மொட்டு மாதிரி இருந்தது. பிரித்தால் உள்ளே புழு.

“அண்ணே, வரிசைக்கு நாலு இப்புடி நிக்குது. கிள்ளிப் போட்டுட்டு மருந்தடிக்கட்டுமா? குரல் வேணாங்குது.”

“வேணாம்னா வேணாம்மா. அதுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சுடப்போவுது?”

“கண்ணுக்கு நேரா திங்கிதேண்ணே.”

“பொறுங்க. அந்துப்பெட்டி வெச்சிருக்காங்க, எண்ணிக்கிட்டுதான் இருக்கும். சொல்லும்.”

அது சொல்லவே இல்லை. காய்கள் பாதி வெடித்தும் வெடிக்காமலும் பழுப்பேறி நின்றன. எடுக்க வந்த பெண்கள் புழு தின்ற கொட்டுப்பருத்தியைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் வரவில்லை. கொளஞ்சிநாதனின் ஐந்து ஏக்கர் வரப்புக்கு அந்தப் பக்கம் நன்றாக வந்திருந்தது. அவர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்:

“பேரு மட்டும் இளவரசி. அது பருத்திச் செடிக்குத் தெரிய மாட்டேங்குதே!”

அண்ணே, அதுவரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியாது. இதற்குப் பிறகு நடந்ததற்கு அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது.

அந்த மாசியில் நான் பெரம்பலூரிலுள்ள எங்கள் பருத்திக் கூட்டமைப்பின் அலுவலகத்துக்குப் போனேன். பருவக்குரலைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் மெர்லின் என்று ஒரு பெண். சின்ன வயது, கெட்டவர் இல்லை. மேலக்கரம்பையில் ஒரு வயலுக்குக் குரல் தவறான ரகம் சொல்லிவிட்டது, திருத்த வேண்டும் என்றேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“தவறு இல்ல அழகுதுரை. தளிர்ல நஞ்சே கிடையாது. அங்க புழு உயிரோட இருக்கணும்னுதான் அந்த ரகத்த சொல்லுச்சு.”

“புழு இருக்கணுமா? என்னாத்துக்கு மேடம்?”

“அரண் வயல்ல லட்சத்துல ஒரு புழு சாகாம தப்பிக்கும். அது பூச்சியாகி, இன்னொரு தப்பிச்ச பூச்சியோட சேந்தா, பொறக்கற அத்தனையும் அரணைத் தின்னும். நாலு வருஷத்துல பழைய கதைதான். அதனால அந்த ஒரு பூச்சிக்கு, அரணைத் தின்னா சாகற வம்சத்துல மாப்பிள்ளை பாக்கணும். பக்கத்துல அப்படிப்பட்ட பூச்சி ஆயிரம் பறந்தா, அதுல ஒண்ணோடதான் சேரும். பிள்ளைங்க அரண்ல செத்துடும். அந்த ஆயிரமும் எங்க வளரும்? நஞ்சில்லாத வயல்லதான்.”

“அதுக்குத்தான அரண் பெட்டிக்குள்ள சின்ன பாக்கெட்டுல தளிர் விதையும் வெச்சுத் தர்றோம்? ஓரமா ஊனச் சொல்லி?”

“யார் ஊனுறா?”

அந்தச் சின்ன பாக்கெட்டை நாம் என்ன செய்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். முளைக்காமல் போன குழிகளில் ஊன்றுவோம், இல்லையென்றால் சாய்ப்புக் கொட்டகையில் தூக்கிப் போடுவோம். நானும் அப்படித்தான். ஓரத்து வரிசைகளைப் புழுவுக்கு விட யாருக்கும் மனசு வருவதில்லை.

“அதனால வட்டத்துக்கு மூணு ஏக்கர், ஒரே ஆளோட வயல். மருந்தும் அடிக்கக் கூடாது. குரல் அப்படித்தான் கணக்குப் போட்டுச்சு” என்றார்.

“அந்த ஆளுகிட்டக் கேக்க வேணாமா?”

“அஞ்சு வருஷம் முன்னாடி கேட்டுப் பாத்துச்சு. இருநூத்திப் பன்னெண்டு பேர். ஒன்பது பேர் சரின்னாங்க. அதுல ஏழு பேர் சரின்னுட்டு அரணை ஊனிட்டாங்க. அப்புறம் கேக்கறத நிறுத்திடுச்சு.”

“யாரு நிறுத்தச் சொன்னது?”

“யாரும் சொல்லல. புழு திரும்ப வரக் கூடாதுன்னு மட்டும்தான் நாங்க அதுகிட்ட சொன்னோம். மீதிய அதுவாவே கத்துக்கிச்சு. எங்களுக்கே ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சப்போ மாவட்டம் முழுக்கப் பருத்தி நல்லா இருந்துச்சு. நிறுத்த யாருக்கும் தைரியம் வரல.”

இருபது பேரில் இளவரசியை ஏன் பிடித்தது என்று கேட்டேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். பன்னிரண்டு தேதி, பன்னிரண்டு முறையும் முதல் கட்டம். அடியில் நான் எழுதிய அந்த வரி.

“சொன்னத அப்படியே செய்யற ஆள் இருந்தாத்தான் இது நடக்கும், அழகுதுரை. தளிர்னு சொன்னா தளிர் ஊனணும். அடிக்காதன்னா அடிக்கக் கூடாது. அந்த மாதிரி ஆள் யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்? நீங்க எழுதறத வெச்சுத்தான்.”

நான் எழுந்து வந்துவிட்டேன். பேருந்தில் வரும்போது, இறங்கி நேராக மேலக்கரம்பைக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். ஏரிக்கரை வந்தபோது, இரண்டு பக்கமும் பருத்திமார் பிடுங்கிப் போட்ட கொல்லைகளைப் பார்த்தேன். புழு வந்த அந்த ஆண்டு இதே கரையில் எத்தனை பேர் நிலத்தைப் போட்டுவிட்டு ஊரைவிட்டுப் போனார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவரிடம் சொன்னால் அவர் தளிர் ஊன்ற மாட்டார், விஷயம் ஊரெல்லாம் பரவும், பிறகு எங்கேயும் எவரும் ஊன்ற மாட்டார்கள், இருபது குடும்பமும் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரே இடத்தில் இரண்டு முறை வைக்க மாட்டார்கள், அடுத்த ஆண்டு வேறு ஆளுக்குப் போய்விடும் என்றும் சொல்லிக்கொண்டேன். அதை மெர்லின் என்னிடம் சொல்லவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

மூன்றாம் ஆண்டு ஆடிக் கடைசியில் இளவரசி என்னைத் தேடிக்கொண்டு நம் ஊருக்கே வந்தார். வெயிலில் நடந்து வந்திருந்தார். முகத்தைக்கூடத் துடைக்காமல் கேட்டார்:

“அண்ணே, இந்த வருசமும் தளிர்னுதான் சொல்லுது. இதுதான் எனக்குக் கடைசி வருசம்னு உங்களுக்கே தெரியும். குரலு சொல்றது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க. நான் அரண் ஊனட்டுமா?”

அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் தெரியும். ‘ஊனுங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காரணம்கூடச் சொல்லியிருக்க வேண்டாம்.

“குரல் சொல்றபடியே செய்யுங்கம்மா” என்றேன்.

“நீங்க சொன்னா சரிண்ணே” என்று திரும்பி நடந்தார். தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஆண்டு நான் போகிற நாட்களில் அவரிடம் நின்று பேசவில்லை. வரப்பிலிருந்தே பார்த்துவிட்டு முதல் கட்டத்தில் குறித்துவிட்டு வந்தேன். மாசியில் கொளஞ்சிநாதன் டிராக்டரை அந்தக் கொல்லையில் இறக்கினார். இளவரசி சண்டை போடவில்லை, அழவும் இல்லை என்று சொன்னார்கள். பையை எடுத்துக்கொண்டு திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

சித்திரையில் மனசு கேட்காமல் கொளஞ்சிநாதனிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் ஐந்து ஏக்கர் நின்றதே அந்தப் பெண்ணின் மூன்று ஏக்கர் போனதால்தான், நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் பல் குத்திக்கொண்டே கேட்டார். முடித்ததும் சிரித்தார்.

“அவ கொல்லையில புழு வளத்து என் கொல்லையக் காப்பாத்துனீங்களா? பெரிய ஆளுய்யா நீ! நான்கூட என் கைராசின்னு நெனச்சுட்டிருந்தேன்.”

“சிரிக்கிற விசயம் இல்லீங்க.”

“சிரிக்காம? மூணு வருசம் அவ முன்னாடி நான்தான் வில்லன் மாதிரி நின்னேன். வில்லன் நீ. நல்லவன் மாதிரி நோட்டோட வரப்புல நின்ன பாத்தியா, அது.” பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “உழுதாச்சு, மக்காச்சோளம் போடப்போறேன். வேணும்னா அவளே வந்து கேக்கட்டும்.”

வைகாசியில் திருப்பூருக்குப் போனேன். ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறார். துணியில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கிற வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாசலுக்கு வந்தார். எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். முடிந்ததும் கேட்டார்:

“உங்க கொல்லையில என்னண்ணே ஊனுனீங்க?”

“அரண்.”

“ரெண்டு வருசமும்?”

“ரெண்டு வருசமும்.”

“நல்லா வெடிச்சுதா?”

“வெடிச்சுது.”

“சரி” என்றார். களப்பதிவாளர்களின் வயல்களைக் குரல் தளிருக்குச் சேர்த்துக்கொள்ளாது என்று ஒரு விதி இருக்கிறது. அவர் கேட்ட பிறகுதான் அந்த விதியைப் பற்றியே நான் யோசித்தேன்.

பிறகு, “என்னையக் கேட்டிருக்கலாம்ல” என்றார்.

“கேட்டா மாட்டேன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்மா.”

“சொல்லிருப்பேன். மூணு ஏக்கரையும் புழுவுக்குக் குடுன்னா எவ குடுப்பா? ஒரு ஏக்கர்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேண்ணே. நீங்க ஒண்ணு போடுறீங்க, இன்னொருத்தர் ஒண்ணு போடுறாருன்னா நான் மட்டும் மாட்டேம்பனா? ஒண்ணு போனாலும் ரெண்டு நின்னிருக்கும். கொளஞ்சி மாமா வாயத் தொறந்திருக்க மாட்டாரு.”

இருநூற்றுப் பன்னிரண்டு பேரைக் கேட்டது குரல். ஆளுக்கு ஒரு துண்டு என்று ஒருவரையும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை, மெர்லினுக்கும் தோன்றவில்லை.

“நிலத்த நீங்க வந்து கேட்டா குடுப்பாரு போல இருக்கும்மா” என்றேன்.

“என்கிட்டக் கேட்டுட்டா புடுங்குனாரு, நான் போய்க் கேக்க?” என்றார். சிறிது நேரம் துப்பட்டாவில் ஒட்டியிருந்த நூலை எடுத்துக்கொண்டிருந்தார். “நிலம் போனதுகூடப் பரவால்லண்ணே. ரெண்டு வருசமா எனக்குக் கையே சரியில்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். எந்த நாள் என்னா தப்புப் பண்ணேன்னு தெனமும் யோசிப்பேன். இங்க வந்தும் யோசிச்சேன், நேத்து வரைக்கும். அத நீங்க எப்புடித் திருப்பித் தருவீங்க?”

கம்பெனியில் மணி அடித்தது. எழுந்தார். “டீக்கு நான் குடுத்துட்டேன். வெயில் தாழப் போங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இதுவரை எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். இளவரசியைப் பற்றி எழுதியதெல்லாம் உங்களைப் பற்றியும்தான் என்று இதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த மூன்று ஏக்கர் இப்போது கொளஞ்சிநாதனிடம் இருக்கிறது, அவர் எதையும் கேட்பவர் இல்லை. அதனால் குரல் வட்டத்தில் அடுத்து யார் என்று பார்த்தது. போன ஆண்டு உங்கள் கொல்லைக்குப் பன்னிரண்டு முறை வந்தேன். பன்னிரண்டும் முதல் கட்டம்தான். உங்கள் மண்ணின் ஆழம் நன்றாகத்தான் இருக்கிறது, அண்ணே.

என் இரண்டு ஏக்கரில் நேற்றுக் காலை தளிர் ஊன்றிவிட்டேன். ஈரம் கொஞ்சம் போதாதுதான், பரவாயில்லை. விதைக்கு எங்கும் போகவில்லை. ஊரில் ஒவ்வொரு வீட்டுச் சாய்ப்பிலும் கிடந்த சின்ன பாக்கெட்டுகளைக் கேட்டு வாங்கினேன். எல்லாரும் சந்தோஷமாகக் கொடுத்தார்கள், என்னாத்துக்கு என்றுகூடக் கேட்கவில்லை. மெர்லினுக்கும் சொல்லிவிட்டேன். “உங்க இஷ்டம், ஆனா ரெண்டு பத்தாது. மூணுக்குக் குறைஞ்சா கணக்கு நிக்காது” என்றார். ஆக, ஓர் ஏக்கர் குறைகிறது.

அந்த ஓர் ஏக்கருக்கு நான்கு பேரைக் கேட்டுப் பார்த்தேன், காரணத்தையும் சொன்னேன். ஒருவர், “ஒனக்குப் புழு வளக்கணும்னு ஆசன்னா ஒன் தலையில வளத்துக்க” என்றார். ஒருவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார், இப்போது என்னைப் பார்த்தால் சந்துக்குள் திரும்பிவிடுகிறார். மூன்றாமவர், அடுத்த ஆண்டு கட்டாயம் என்றார். நான்காமவர், “ரெங்கராசு மூணு ஏக்கரும் போடப்போறான்ல, அப்புறம் என்னாத்துக்கு என்னையக் கேக்குற?” என்றார்.

அவர் சொன்னது உண்மை. இந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்தால் நீங்கள் அடுத்த மழையில் மூன்று ஏக்கரிலும் தளிர் ஊன்றிவிடுவீர்கள். வட்டம் பிழைத்துவிடும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. எழுதினால் நீங்கள் ஒரு விதைகூட ஊன்றாமல் போகலாம், அதற்கு உங்களை ஒருவரும் குறை சொல்ல முடியாது. இந்த இரண்டையும் பத்து நாளாக மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு ஒதுக்கிய அரண் விதை இரண்டு ஏக்கருக்கு வீட்டில் அப்படியே இருக்கிறது. நீங்கள் என்ன முடிவு செய்தாலும் அது உங்களுக்குத்தான். ஆளை அனுப்புங்கள், இல்லையென்றால் நானே கொண்டுவந்து வைக்கிறேன். தளிர் ஊன்றுகிற இடத்தில் முறுக்கிய பூவைக் கிள்ளக் கூடாது, மருந்தடிக்கக் கூடாது. பாதிக்கு மேல் போய்விடும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மாட்டேன் என்றால் நடந்ததை அப்படியே பதிவில் எழுதிக்கொள்வேன்: கேட்டேன், மாட்டேன் என்றார். இத்தனை ஆண்டில் அப்படி ஒரு வரி நான் எழுதியதில்லை, ஏனென்றால் நான் யாரையும் கேட்டதில்லை.

ரெங்கராசு அண்ணே, உங்கள் மூன்று ஏக்கரில் ஓர் ஏக்கருக்கு மட்டும் தளிர் ஊன்றுவீர்களா?

இப்படிக்கு,
அழகுதுரை